முனிலட்சுமி அக்கா கட்டிய பதினாறு கட்டுகள்

"அரைகொறையா அடைச்சதுன்னு சொல்லி எல்லாத்தையும் அவுத்துட்ட. செரி. முழுசா எப்ப கண்ணு அடைப்ப?"

முனிலட்சுமி அக்கா என்னிடம் இதைக் கேட்டபோது, சைக்கிள் டியூப் துண்டுகளை நான் ஒரு சிமென்ட் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் பெரிய கம்பெனியில இருந்து ஆள் வராங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

என் பெயர் ரேவதி. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினேன். ஒரே வருடத்தில் மூன்று வேலைகளுக்குப் போய் மூன்றையும் விட்டேன். எங்கே போனாலும் நாற்பதாம் நாள் கால் நிற்காது. நான்காவதாகச் சேர்ந்த இடம் ஜூஜுவாடிக்குப் பின்பக்கம் உள்ள ஒரு சின்னத் தொழிற்சாலை. வண்டி செய்கிற பெரிய கம்பெனிக்கு வேண்டிய இரும்புப் பாகங்களை அச்சில் அழுத்தி, பிசிறு தேய்த்து, காற்றால் ஊதிச் சுத்தம் செய்து அனுப்புவோம். மொத்தம் முப்பது பேர். ஆபீஸ் என்பது நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் ராயக்கோட்டைக்குப் பக்கத்தில். அவருடைய அப்பா அம்மாவும், பிறகு அவரும், அடுத்தவர் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். பறிப்பது மட்டும் அவர் வேலையாக இருக்கவில்லை. சொட்டுநீர்க் குழாய் போட்ட தோட்டங்களில், காலையில் தண்ணீர் திறந்ததும் வரிசை வரிசையாக நடந்து போய் எங்கே பீய்ச்சுகிறது என்று பார்ப்பார். எலி கடித்த இடம், மண்வெட்டி பட்ட இடம், எதுவானாலும் இடுப்பில் செருகியிருக்கும் சைக்கிள் டியூப் துண்டை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார். அந்தப் பக்கத்தில் தோட்ட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். குழாயை மாற்ற முதலாளி எப்போது வருவாரோ, அதுவரை செடி காயக்கூடாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் மூலமாக எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்குப் போய்த் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். 2024 கோடையில் அதுவும் நின்றது. வெயில் தாங்காமல் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. பறிக்க ஒன்றும் இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை.

தொழிற்சாலையில் காலையில் முதலில் வருபவர் அக்காதான். கம்ப்ரசரைப் போடுவது அவர் பொறுப்பு. வெளிக்காற்றை இழுத்து அழுத்தித் தொட்டியில் அடைக்கும் பெரிய மோட்டார் அது. தொட்டியில் காற்று குறைந்தால் தானாக ஓடி நிரப்பிவிட்டு நிற்கும். அந்தக் காற்று குழாய் வழியாக ஷெட் முழுக்கப் போகும். அச்சில் அழுத்தும் இயந்திரங்கள் அதில்தான் இயங்கும். பாகங்களை ஊதிச் சுத்தம் செய்யும் துப்பாக்கிக்கும் அதே காற்றுதான். கம்ப்ரசரைப் போட்ட பிறகு அக்கா ஷெட்டின் பின்கோடியில் இருக்கும் கடைசி மேசைக்குப் போவார். அங்கே அவரோடு சாந்தம்மா, சரசம்மா, பாப்பம்மா மூவரும் பிசிறு தேய்த்து ஊதும் வேலை செய்வார்கள். குழாய் முடிகிற இடம் என்பதால் அங்கே காற்று சோனியாகத்தான் வரும். மேசைக்கு மேலே சுவரில் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கேஜ் உண்டு. அதன் முள் ஆறில் நிற்க வேண்டும். பெரும்பாலும் நாலைத் தாண்டாது.

எங்கள் முதலாளி நாராயணப்பன் சார் பக்கத்து ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், போனில் பாதி நேரம் கன்னடம். கெட்டவர் இல்லை. ஆனால் எந்த வேலையைச் சொன்னாலும், "செஞ்சா முழுசா செய்யணும், இல்லன்னா தொடவே கூடாது" என்பார். எனக்கு அது அப்போது மிகவும் பிடித்திருந்தது.

அந்த வருட ஆயுத பூஜையில் இயந்திரங்களை ஊதித் துடைக்க வேண்டும் என்பதற்காகக் கம்ப்ரசரை ஓடவிட்டிருந்தார்கள். பூஜை முடிந்து, பொரி பொட்டலம் வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அக்காவும் நானும் மட்டும் சிந்திய பொரியைக் கூட்டிக்கொண்டிருந்தோம். ஷெட்டில் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. அப்போது கம்ப்ரசர் தானாகக் கிளம்பி ஓடி நின்றது.

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டார். "யாரு காத்து புடிக்கறா?"

"யாரும் இல்லையேக்கா."

"அப்ப இது எதுக்கு ஓடுது? மணியப் பாரு."

நாலு நிமிடம் கழித்து மறுபடி ஓடியது. அதன் பிறகும் நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை. அக்கா குழாயில் காதை வைத்துக்கொண்டே நடந்தார். நானும் பின்னால் போனேன். மற்ற நாட்களில் இயந்திரச் சத்தத்தில் கேட்காதது அன்றைக்குக் கேட்டது. இணைப்புகளில், திருகுகளில், ரப்பர்க் குழாயின் வெடிப்புகளில் எல்லாம் பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். அக்கா பூஜைத் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து, சீறும் இடத்துக்கெல்லாம் ஒரு பொட்டு வைத்தார். மொத்தம் இருபத்து மூன்று.

சாமி கும்பிட்ட தேங்காயை எடுத்துப்போக வந்த நாராயணப்பன் சார் குழாய்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, பைப்புக்கெல்லாம் பொட்டு? பக்தி ஜாஸ்தியாயிடுச்சு."

"பக்தி இல்ல சார். ஓட்டை."

சார் கொஞ்ச நேரம் அந்தச் சீறலைக் கேட்டார். பிறகு வழக்கம்போலச் சொன்னார். "மொத்த லைனையும் மாத்தணும். மாத்துனா ஒரேயடியா மாத்தணும். அடுத்த வருஷம் பாக்கலாம்." இதையே இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். கடைசி மேசைக்குக் காற்று பற்றாததால், அந்த வேலையை வெளியே வேறொரு பட்டறைக்குக் கொடுத்துவிட யோசிக்கிறாராம்.

அக்கா பூஜைத் தட்டைக் கீழே வைத்தார். "காத்து பத்துச்சுன்னா மேசை இருக்குமா சார்?"

"பொங்கல் கழிச்சு பெரிய கம்பெனியில இருந்து பாக்க வருவாங்க. அன்னைக்கு முள்ளு ஆறுல நின்னா இருக்கும்மா. இல்லன்னா நான் என்ன பண்ண?"

மறுநாளிலிருந்து அக்கா சாப்பாட்டு நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். ஒரு வால்வை மூடி, அந்தப் பகுதிக் காற்றை வடித்துவிட்டு, சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு இரும்புக் கிளிப் போட்டு முறுக்குவார். சீறல் சில இடங்களில் முழுவதும் நின்றது. சில இடங்களில் குறைந்தது, அவ்வளவுதான். ஒன்றை அடைத்ததும் அங்கிருந்த பொட்டை அழித்துவிடுவார். அடைக்காத இடங்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் புதுப் பொட்டு. கம்ப்ரசர் அறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார். சாப்பாட்டு அரை மணி நேரத்தில் அது எத்தனை தடவை கிளம்பியது என்ற கணக்கு. தொடங்கியபோது ஏழு கோடு. தை மாதத்தில் மூன்று. கடைசி மேசையின் முள்ளும் ஆறைத் தொட்டிருந்தது.

ஃபிட்டர் மாதேஷுக்கு இதெல்லாம் வேடிக்கை. "கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டு ஷெட்ட கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஆக்கிட்டீங்களேக்கா."

"ஒன் வாய்க்கும் ஒண்ணு கட்டறேன் வா. அங்கியும் காத்துதான் போவுது."

சாந்தம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒருநாள் அக்காவுக்கு நான் விளக்கினேன். கம்ப்ரசர் வீணாக ஓடினால் மின்சாரம் வீண், அந்த மின்சாரத்துக்காக எங்கோ நிலக்கரி எரிகிறது, அந்தப் புகைதான் பூமியைச் சூடாக்குகிறது என்று போனில் பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கிளிப்பை முறுக்கினார்.

"அப்ப இந்த ஓட்டை வழியாவும் ரவ வெயிலு வருதுன்னு சொல்லு."

அவருக்கு ஒரு வரியில் புரிந்தது. விளக்கிய எனக்குத்தான் புரியவில்லை.

தை மாதம் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. சுற்றுச்சூழலுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நாற்பது கேள்விகள். நிரப்பும் வேலை எனக்கு. இரண்டு நாள் போனில் வீடியோக்களாகப் பார்த்தேன். கூரை முழுக்கச் சோலார் போட்ட தொழிற்சாலைகள், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடாத தொழிற்சாலைகள். தலை சுற்றியது. எங்கள் ஷெட்டை நினைத்தால் அவமானமாக இருந்தது. "வரும் ஆண்டுகளில் என்ன இலக்கு" என்ற கேள்விக்கு, 2030க்குள் முழுவதும் சூரிய மின்சாரம் என்று எழுதினேன். எங்கள் வாடகை ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சோலார் பலகைகளைத் தாங்குமா என்று மாதேஷிடம்கூடக் கேட்கவில்லை. "கடந்த ஓராண்டில் செய்தது, எவ்வளவு சிறியதானாலும் எழுதவும்" என்று இன்னொரு கேள்வி இருந்தது. சைக்கிள் டியூப் என்று எப்படி எழுதுவது? "இல்லை" என்று எழுதினேன்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் நாராயணப்பன் சார் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தார். ஷெட்டைச் சுத்தமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் சொன்னார். மற்றதெல்லாம் நானே செய்தது. கட்டுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கூசியது. கடையில் புது ரப்பர்க் குழாய் சொல்லியிருந்தேன், சாயங்காலம் வந்துவிடும், மாதேஷ் மாட்டிவிடுவான் என்று நினைத்து, அக்கா அதுவரை கட்டியிருந்த பதினாறு கட்டுகளையும் அவனை வைத்து அவிழ்த்தேன். பொட்டுகளைத் துடைத்தேன். கம்ப்ரசர் அறைச் சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னேன். அக்கா போட்ட கோடுகள் எல்லாம் அதற்கடியில் போயின.

அப்போதுதான் அக்கா நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு குனிந்து தரையில் கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கி என் பையில் போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மாதேஷ் கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தான். "நம்ம சைஸ் இல்லியாம். ரெண்டு நாள் ஆவும். அந்த டியூபையே திரும்பக் கட்டிரட்டுமா?"

இந்த இடத்தை எழுதும்போதுதான் எனக்கு அதிகமாக வெட்கமாக இருக்கிறது. கடைசி மேசை எதை நம்பி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேர வேலைதான். கட்டியிருக்கலாம். "வேணாம். பாக்க அசிங்கமா இருக்கும்" என்றேன்.

மறுநாள் வந்தவர் பார்வதி மேடம். அத்திப்பள்ளி தாண்டி எங்கோ அவர்கள் ஆபீஸ். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "கூரை தாங்குமா?" என்று மேலே பார்த்தார். நாராயணப்பன் சார் என்னைப் பார்த்தார். சோலார் பற்றி நான் எழுதியது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

கடைசி மேசைக்கு வந்தோம். அக்கா துப்பாக்கியை எடுத்து ஒரு பாகத்தை ஊதினார். தூசி நகரவில்லை. முள் நாலில் நின்றது. சாப்பாட்டு மணி அடித்து இயந்திரங்கள் நின்றதும் சீறல் எல்லாப் பக்கமும் கேட்டது.

"இதை யாரும் கவனிக்கலையா?" என்று மேடம் கேட்டார்.

"இந்தம்மா ஏதோ டியூப் கட்டிப் பாத்தாங்க மேடம்" என்றார் சார். "அதெல்லாம் எங்க நிக்கும்? பாருங்களேன், நாலுதான் காட்டுது. நான் அப்பவே சொன்னேன், அரைகுறை வேலை ஆகாதுன்னு."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்: கட்டு நின்றது சார், நான்தான் அவிழ்த்தேன். மேடம் இருக்கிறாரே, வேலை போய்விடுமே, எல்லாரும் சிரிப்பார்களே என்று நினைத்துக்கொண்டே படிவத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் மாதேஷ் நின்றான், அவனும் வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "நீயே சொல்லல, நான் எதுக்கு நடுவுல?" என்றான்.

மேடம் நகர்ந்தார். சார் நகர்ந்தார். அக்கா துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டினார்.

அந்தச் சனிக்கிழமையே கடைசி மேசையைத் தூக்கிவிட்டார்கள். வேலை இன்னொரு பட்டறைக்குப் போனது. நான்கு பேரையும் நின்றுகொள்ளச் சொன்னார்கள். கம்ப்ரசர் போடும் பொறுப்பு மாதேஷுக்கு. சரசம்மா அழுதார். முனிலட்சுமி அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் "வரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் சொல்வது போலவே சொன்னார்.

மேடம் வந்துபோன பத்தாம் நாள் அவரிடமிருந்து மெயில் வந்தது. சோலார் உடனே வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. போன வருடத்தைவிட ஒரு துளி குறைத்திருந்தாலும் அதை எழுதுங்கள். பாதியில் நிற்கிற வேலையானாலும் பரவாயில்லை. தொடங்கியவர்களுக்கு எங்களால் உதவ முடியும், தொடங்காதவர்களுக்கு எதைச் சொல்லி உதவுவது என்று கேட்டிருந்தார். "இல்லை" என்று நான் எழுதிய வரியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்.

சிமென்ட் பை என் மேசைக்கு அடியிலேயே இருந்தது. மாதேஷைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் பதினாறையும் கட்டினோம். முள் ஆறுக்கு ஏறியது. அதற்குக் கீழே மேசை இருந்த இடத்தில் காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

சாரைக் கூட்டி வந்து முள்ளைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பன்னெண்டு நாளா வாயத் தொறக்கலையா நீ?"

"இல்ல சார்."

சார் அண்ணாந்து மறுபடி முள்ளைப் பார்த்தார். பிறகு, "நானும் அந்தம்மா கட்டறப்ப ஒரு நாள் நின்னு பாக்கல" என்றார். அந்தப் பட்டறைக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் பேசினார். அவர்கள் அந்த வேலைக்கென்று ஆள் எடுத்துவிட்டார்களாம். ஆறு மாத ஒப்பந்தம். அதற்குப் பிறகும் உறுதி இல்லையாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இங்கயும் விட்டுட்டு ஓடிடாத. அந்தப் படிவத்தத் திருத்தி எழுது. யாரு கட்டுனதுன்னு பேரோட எழுது."

எழுதினேன். அந்த வாரத்திலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறோம். மாதம் ஒரு ஞாயிறு காது வைத்துக் கேட்டு, கையில் இருப்பதைக் கொண்டு அடைக்கிறோம். இன்னும் நான்கு இடங்கள் சீறிக்கொண்டுதான் இருக்கின்றன. முழு லைனை மாற்றுவது எப்போது என்று எனக்குத் தெரியாது. வீணாக ஓடும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இது அன்றைக்கே இருந்தது. நான்தான் இல்லை என்று எழுதினேன்.

அக்கா இப்போது பாகலூர் பக்கம் ரோஜா வளர்க்கும் ஒரு பசுமைக்குடிலில் வேலை செய்கிறார். போன மாதம் ஒரு ஞாயிறு போனேன். உள்ளே வெக்கை முகத்தில் அடித்தது. முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு தண்டு வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கைக்கு மேலே முள் கீறிய கோடுகள். நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

"தெரியும் கண்ணு. அவுத்தது நீதான்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லுவேன்னு நின்னேன். அந்தம்மா வாசல் தாண்டற வரைக்கும் நின்னேன்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"நான் சொன்னா நம்புவாங்களா? முள்ளு நாலுல நிக்குது."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் இன்னும் இரண்டு தண்டு வெட்டினார். "பாப்பம்மாவுக்கு இன்னும் வேல கெடைக்கல. அவகிட்டயும் போயி நில்லு" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? கம்பெனி வெச்சிருக்கறவங்ககிட்ட போயி சொல்லு. பாதி வேலயக் காட்டறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு, ஒண்ணுமே செய்யாத ஒக்காந்திருக்கறவங்க நெறய பேரு இருப்பாங்க" என்றார்.

பாப்பம்மா வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பெனி வைத்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்தவர் நாராயணப்பன் சார் ஒருவர்தான். அதனால்தான் இதை எழுதினேன். ஓசூரிலோ ஊத்தங்கரையிலோ, பட்டறையோ மில்லோ அரிசி ஆலையோ நடத்துகிற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் சேர்ந்து வந்தால் செய்யலாம் என்று அவர் காத்துக்கொண்டிருக்கலாம். அவர் ஷெட்டின் கோடியில் யாரோ ஒருவர் கையில் கிடைத்ததை வைத்து ஏற்கெனவே தொடங்கியிருக்கவும் கூடும். இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க நேரம் இல்லை என்றால் வாயால் சொல்லுங்கள். என் பெயரை மறைக்க வேண்டாம்.